லெட்சுமணன் கேட்டு வாங்கிய விளக்கு

கண்டிச் சீமையில் கலஹாப் பக்கம் போய் லெட்சுமணனைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கள்ளுக்கடைக்காரனைப் பிடித்து அடித்தான் என்பார்கள். கனவில் முருகன் வந்து வேலைக் காட்டி மிரட்டினார் என்பார்கள். இரண்டும் பொய். தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒற்றை அறைகள், காம்பிரா என்போம்; நான் அவனுடைய அடுத்த காம்பிராவில் குடியிருந்தவள். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் இருந்தே 'நூறு வயசு' என்று சொல்லலாம். ஆகவே நான் சொல்வதுதான் நடந்தது.

லெட்சுமணன் கவ்வாத்துக்காரன். வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை இடுப்பளவுக்குத் தறித்துவிடுகிற வேலை அது. குளிரிலும் மழையிலும் குனிந்தபடியே செய்யவேண்டும். மற்றவர்கள் இரண்டு தடவை கத்தியை வீசும் இடத்தில் அவன் ஒரு தடவைதான் வீசுவான். வெட்டின இடம் வெள்ளரிக்காய் நறுக்கினது போல வழவழவென்று இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் செடியிடம், "கொஞ்சம் பொறுத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவான். பாட்டுக்காரன். கோபம் வராதவன். பொய் சொல்லத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைக் கங்காணி, "ஏன்டா, காய்ச்சலா?" என்று கேட்டுத் தப்பிக்க வழியும் காட்டினார். அவனோ, "இல்லீங்க, எந்திரிக்க மனசு வரல" என்றான்.

இவ்வளவு நல்லவன் சாயங்காலம் ஆனால் கள்ளுக்கடைக்குப் போய்விடுவான். கலஹா கடைவீதியில் கள்ளுக்கடையும் சாஹுல் ஹமீது நானாவின் தேத்தண்ணிக் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நானாவின் கடைக்குப் போகிறேன் என்று புறப்படுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு வாசல் தவறி மற்றதில் நுழைவார்கள். லெட்சுமணன் தவறி நுழைந்தவன் இல்லை. "கள்ளுக் குடிக்கப் போறேன் அழகு" என்று பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டே போவான்.

அவன் பெண்சாதி அழகம்மா வாய்க்காரி. ஒரே மகள் பாலம்மா. அந்த வருஷம் பாலம்மாவுக்கு வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சம்பந்தம் வந்தது. மாரியம்மன் திருவிழாவில் அந்தப் பையன் இவளைப் பார்த்தான், இவளும் பார்த்தாள். வாயால் சொல்லவில்லை, ஆனால் வத்தேகம என்று யாராவது சொன்னால் அவள் கையில் இருக்கிற பாத்திரம் கீழே விழும். பையனுடைய தாய் பாப்பம்மா மட்டும் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தாள்: தை பிறந்ததும் வந்து பெண்ணைப் பார்ப்போம், ஆனால் தண்ணி போடுகிற வீடு என்று தெரிந்தால் வெற்றிலையைக்கூடத் தொடமாட்டேன்.

இதைக் கேட்டு லெட்சுமணனுக்கு ஒரே கவலை. கவலை வந்தால் அவன் எங்கே போவான் என்று உங்களுக்கே தெரியும்.

அன்றைக்கு வந்தவன் மகளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று பாடிக்கொண்டே ஆடினான். ஆடின ஆட்டத்தில் சுவரில் தொங்கிய சிம்னி விளக்கு தலையில் இடித்துக் கீழே விழுந்தது. அழகம்மாவின் தாய் கொடுத்த விளக்கு அது. கண்ணாடி நொறுங்கி, எண்ணெய்க் கிண்ணமும் நசுங்கிப் போயிற்று. சுவருக்கு மேலே என் கூரைத் தகரத்தில் அந்த வீட்டு வெளிச்சம் விழும், அது சட்டென்று போனதும், "மதினி! வெளக்கையும் ஒடச்சிட்டாரு ஒங்க தம்பி!" என்று அழகம்மாவின் குரல் மட்டும் இருட்டில் வந்தது.

அதற்குப் பிறகு குப்பியில் திரி போட்டுக் கொளுத்தினாள். புகைதான் வந்தது. "பொண்ணு பாக்க வர்றவங்க பொண்ணைத் தடவித்தான் பாக்கணும்" என்று தினமும் சுவருக்கு மேலால் எனக்கே கேட்கும்படி சொல்லுவாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில் ஒருவன் நின்று கத்தினான். பனி மூட்டம், தப்படிக்கிற சத்தம், பிள்ளைகளின் அழுகை. அவன் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கெழம சாஹுல் ஹமீது நானா கடையில மதுவெலக்குக் கூட்டம்! எல்லாரும் வாங்க!"

லெட்சுமணன் காதில் விழுந்தது வேறு. பக்கத்தில் நின்றவனிடம், "என்னவாம்?" என்று கேட்டான்.

"மது வெளக்காம்."

"காசுக்கா, சும்மாவா?"

"சும்மாதான். காசு கேக்க மாட்டாங்களாம்."

அவன் ஓட்டமும் நடையுமாக வந்து அழகம்மாவிடம் சொன்னான். "புது மாதிரி வெளக்கு வந்திருக்காம். மதுன்னு பேரு."

அழகம்மா யோசித்தாள். "மதுரையில செஞ்சதா இருக்கும்."

சிரிக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் லயத்தில் கள்ளுக்குக் கள்ளு என்று பேர், சாராயத்துக்குச் சாராயம் என்று பேர். மது என்று அதை யார் கூப்பிட்டார்கள்? அப்படி ஒரு பேர் அதற்கு இருக்கிறது என்று குடிக்கிறவனுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமணன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு புறப்பட்டான். அழகம்மாவும் புறப்பட்டாள். "இவரு கையில குடுத்தா கள்ளுக்கடையத் தாண்டி வெளக்கு வராது. நீங்களும் வாங்க மதினி" என்றாள். நானும் போனேன். எனக்கும் ஒரு விளக்குக் கொடுத்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

நானாவின் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. ஆண்கள் பாயில் இருந்தார்கள். நாங்கள் வெளியே தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். முன்னால் ஒரு கதிரையில் இராமகிருஷ்ணன் வாத்தியார் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. நல்ல மனிதர், எதற்கும் கண் கலங்கிவிடுவார். நானா எல்லாருக்கும் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்.

வாத்தியார் என்ன பேசினார் என்பது எங்களுக்கு முழுக்கப் புரியவில்லை. சிலேடையும் பாட்டுமாகப் பேசினார். லெட்சுமணன் கழுத்தை நீட்டி நீட்டி மூலையில் கிடந்த சாக்குகளுக்குப் பின்னால் விளக்குகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வாத்தியார் எங்களுக்கும் விளங்குகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"குடியால உங்கட வீட்டில உடைஞ்சது என்ன? ஒளிக்காமல் ஒவ்வொருத்தரா எழும்பிச் சொல்லுங்கோ."

ஒருவன் எழும்பி, "மானம்" என்றான். ஒருவன், "மாமியா மனசு" என்றான். அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் முன்பல் போன இடத்தைக் காட்டினான். லெட்சுமணனின் முறை வந்தது. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பினான்.

"எங்க வீட்ல ஒடஞ்சது வெளக்குங்க. குடிச்சிட்டு ஆடி நாந்தான் ஒடச்சேன். இப்ப வீடே இருட்டுங்க. வயசு வந்த பொண்ணு இருட்டுல ஒக்காந்திருக்கு. தையில அத பாக்க வர்றாங்க. அதுக்குள்ள எங்க வீட்ல வெளிச்சம் வரணும். அதுக்காகத்தான் நான் வந்தேன்."

வாத்தியார் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியளோ! குடும்ப விளக்கு உடைஞ்சுபோச்சு எண்டு சொல்லுறார்! ஒரு புலவனாலயும் இப்பிடிச் சொல்ல ஏலாது!" என்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். முன்பல் போனவன் அழுதே விட்டான்.

லெட்சுமணன் கைகூப்பிவிட்டு உட்காரவில்லை. நின்றான். "அப்ப எப்பங்க குடுப்பீங்க?"

"எதை?"

"வெளக்கத்தாங்க. மது வெளக்கு."

வாத்தியாருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கின பிறகு அவர் சிரிக்காமல், பொறுமையாக, "ஐயா, இது விளக்கு இல்லை. விலக்கு. நாக்கை மடிக்கக் கூடாது. விலக்கு" என்று சொன்னார்.

வெளியில் இருந்த அழகம்மா வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம், "வெலக்கா? அது நமக்குல்ல மதினி மாசா மாசம் வரும்? இதுகளுக்கும் வருதா?" என்றாள். மெதுவாகச் சொன்னதாக அவள் நினைப்பு. கொட்டகை முழுக்கக் கேட்டது. பிறகு அந்தச் சிரிப்பை யார் நிறுத்துவது? பாயில் விழுந்து புரண்டார்கள். நானா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். வாத்தியார் கடைசியாகச் சிரித்தார். ஆனால் அவர்தான் அதிக நேரம் சிரித்தார்.

லெட்சுமணன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. விளக்கும் இல்லை, ஊர் சிரிப்பும் ஆயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். அடுத்த வாசல் எது என்று எல்லாருக்கும் தெரியும். அழகம்மா எழும்பிக் குறுக்கே நின்றாள்.

அப்போது சாஹுல் ஹமீது நானா கடைக்குள் போய், அங்கே ஆணியில் தொங்கின அரிக்கன் லாம்பைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

"லெச்சுமணன், இங்க பாருங்கோ. வெளக்குத் தாரண்டு கூப்பிட்டு ஆள வெறுங்கையோட அனுப்புற வழக்கம் எங்கட கடையில இல்ல. இந்தாங்கோ."

"சும்மாவா நானா?"

"சும்மா இல்ல, இரவல். நீங்க குடிக்காம ஈக்கிற வரைக்கும் இது உங்கட ஊட்டுல எரியட்டும். குடிச்சா, நீங்களே கையில தூக்கிட்டு வந்து இந்த ஆணியில மாட்டோணும். வேற ஆள் கிட்ட குடுத்தனுப்பப்படாது."

"நான் குடிச்சது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. நீங்க வந்து சொல்லுவீங்க" என்றார் நானா. "எனக்கும் இதுல லாபம் ஈக்குது. அங்க போறவங்கள்ள ஒராள் கொறஞ்சா எனக்கு ஒரு தேத்தண்ணி கூடும்."

அன்று சாயங்காலம் என் கூரைத் தகரத்தில் வெளிச்சம் விழுந்தது. அரிக்கன் வெளிச்சம், மஞ்சளாக, அசையாமல். மேல் லயம், கீழ் லயம் எல்லாம் வந்து பார்த்தார்கள். மது விளக்கு என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லெட்சுமணன் கள்ளுக்கடையைத் தாண்டி நடக்கிறபோது உள்ளே இருந்து, "என்ன மாப்ள, வெளக்கு நல்லா எரியுதா?" என்று கத்துவார்கள். "எரியுது, வந்து பாருங்கடா" என்பான். ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டத்துக்குப் போவான். அங்கே வாத்தியார் அவனைப் பேசச் சொல்லுவார். அவன், "இந்த வாரமும் எரியுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவான். லேசாக இருந்தது என்று நினைக்காதீர்கள். சாயங்காலமானால் காம்பிராவுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பான். நிழல் என் தகரத்தில் போய்ப் போய் வரும். அழகம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

தை பிறந்தது. வத்தேகமக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முதல் நாள் கடைசி மலையில் கவ்வாத்து முடிந்தது. வேலை முடிந்தால் கங்காணி கவ்வாத்துக்காரர்களுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பது எங்கள் தோட்டத்தில் வழக்கம். மழையில் நனைந்து வந்தவன் கையில் கோப்பையைக் கொடுத்தார்கள். லெட்சுமணன் குடித்தான்.

ஒரே ஒரு கோப்பை. ஆடவில்லை, பாடவில்லை, நேராக வந்து படுத்துவிட்டான். அழகம்மாவுக்கே தெரியாது.

விடிந்தது. அழகம்மா சாணி தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பாலம்மா தலை குளித்துக்கொண்டிருந்தாள். லெட்சுமணன் ஆணியிலிருந்து விளக்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"மண்ணெண்ணெ இருக்கே. எங்க கொண்டுபோறீங்க?"

"நானா கடைக்கு. நேத்து குடிச்சிட்டேன் அழகு."

அழகம்மாவின் கையிலிருந்த கோலமாவுச் சிரட்டை அப்படியே நின்றது. பிறகு தொடங்கினாள். "ஏய்யா, ஒனக்குப் புத்தி இருக்கா? பொண்ணு பாக்க வர்ற நாளு! நாளைக்குக் கொண்டுபோனா வெளக்கு வேணாமுன்னு சொல்லுமா? யாரு கேட்டா ஒன்ன?"

"யாரும் கேக்கல. அதான் போறேன்."

"மதினி, சொல்லுங்க மதினி!"

நானும் சொன்னேன். "தம்பி, அவங்க வந்து போகட்டும். ஒரு நாளு பொறு" என்றேன்.

"பொறுத்தா மறந்துடுவேன்க்கா. மறந்துட்டா இன்னொரு கோப்ப குடிச்சிடுவேன்" என்றான். போய்விட்டான். பாலம்மா ஈரத் தலையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்க் குப்பி விளக்கைத் துடைத்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடையில் நடந்ததை நானாவே பிறகு என்னிடம் சொன்னார். பேராதனையிலிருந்து வருகிற பஸ் நானாவின் கடை வாசலில்தான் நிற்கும். இறங்கினவர்களில் ஒரு குடும்பம் உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. ஓர் அம்மா, மெலிந்த ஒரு மனிதர், ஒரு பையன். லெட்சுமணன் விளக்கோடு நுழைந்தான். பையனைத் திருவிழாவில் பார்த்தவள் பாலம்மாதான், இவன் பார்த்ததில்லை.

"நானா, வெளக்கு. நேத்து ஒரு கோப்ப குடிச்சிட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, பழைய ஆணியில் அதை மாட்டினான்.

நானாவுக்கு மனசு கஷ்டமாகப் போயிற்று. "இன்டைக்குத்தானே உங்கட மகளப் பாக்க வாராங்க?"

"ஆமா. வத்தேகமையில இருந்து. அந்தம்மாவுக்குக் குடின்னா ஆகாதாம். வந்து பாத்துட்டுப் போயிடும். எம் பொண்ணு மொகத்தத்தான் நான் எப்பிடிப் பாக்குறதுன்னு தெரியல."

அவன் இறங்கிப் போனதும், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு, "அது என்ன வெளக்கு?" என்று நானாவிடம் கேட்டாள். அவள் யார் என்று தெரியாமல் நானா கூட்டம், மதுரை, விலக்கு எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்லி முடித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. கடைசியில், "அவரோட லயத்துக்கு எந்தப் பக்கமாப் போகணும்?" என்று கேட்டாள். நானாவின் முகம் போன போக்கை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

லெட்சுமணன் குறுக்கு வழியாக முதலில் வந்து சேர்ந்துவிட்டான். கடையில் தேத்தண்ணி குடித்தவர்களையே வாசலில் பார்த்ததும் கும்பிடத் தூக்கின கை பாதியில் நின்றது. அழகம்மாவுக்கு ஒன்றும் தெரியாது; "வாங்க, வாங்க" என்று பாயை உதறிப் போட்டாள். நான் என் காம்பிராவில் இருக்கவில்லை, அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பாப்பம்மா பாயில் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தாள். வெறும் ஆணி இருந்தது.

"இதுலதான் தொங்குச்சா?"

லெட்சுமணன், "ஆமாங்க" என்றான்.

அழகம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரே" என்றாள் பாப்பம்மா, "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு குடிச்சதே கெடையாது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அந்த மெலிந்த மனிதர், "கெடையாது" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கே வாசம் அடித்தது.

"பாத்தீங்களா? எப்பவும் இப்பிடித்தான் சொல்லுவாரு. பேராதனையில பஸ்சு நின்னப்ப ஒண்ணுக்குப் போறேன்னு போனாரு. குடிக்கிற ஆம்பளைங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். குடிச்சேன்னு சொல்றவர இன்னிக்கித்தான் பாத்தேன். அதுவும் இன்னிக்கிப் பாத்து சொல்றவர!"

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். "பொண்ணக் கூப்பிடுங்க."

ஆனால் லேசுப்பட்டவள் என்று நினைக்கவேண்டாம். பெண்ணைப் பார்த்தாள், பிடித்தது என்றாள், வெற்றிலையைத் தொடவில்லை. "அந்த ஆணிக்கு வெளக்கு திரும்பி வரட்டும். வந்தா சொல்லி அனுப்புங்க. வந்து தட்டு மாத்திக்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

நானாவும் உடனே கொடுத்துவிடவில்லை. கவ்வாத்துக் கத்தி மாதிரி அவரும் ஒரே வெட்டுத்தான். லெட்சுமணன் ஞாயிறு தவறாமல் போய், ஆணியில் தொங்கும் விளக்கைப் பார்த்தபடி இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவான். குளவி கொட்டினது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து படுப்பான். பாலம்மா குப்பி விளக்கின் புகையில் இருமிக்கொண்டே சமைத்தாள். மாசி முடிந்தது. பங்குனியில் ஒரு சாயங்காலம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். என் கூரைத் தகரத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சித்திரையில் கல்யாணம். லெட்சுமணன் பாடினான், ஆடவில்லை. விளக்கு இருந்த பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகும் அந்த விளக்கு ஒன்றிரண்டு தடவை கலஹா கடைவீதிக்குப் போய் வந்ததுதான். அதை மறைத்தால் நான் சொன்ன மற்றதும் பொய்யாகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவனே தூக்கிக்கொண்டு போனான், பிறகு அவனே தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது வருஷக்கணக்கில் அது அசையவில்லை.

படித்தவர்கள் இன்றைக்கும் அதை மதுவிலக்கு என்று சொல்லித் திருத்துகிறார்கள். சொல்லட்டும். அதற்கு எந்த எழுத்துப் போடுவது என்று எனக்குத் தெரியாது, நாக்கை மடித்துச் சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியும். நீங்கள் அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.

பாப்பம்மாவின் கதை பாக்கி இருக்கிறது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வத்தேகமையிலிருந்து வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். பாப்பம்மா சொன்னதாக அவர் சொன்னது: "எங்க வீட்லயும் ஆணி அடிச்சாச்சு. இவரு நேத்து மொத மொதலா குடிச்சேன்னு ஒத்துக்கிட்டாரு. இன்னொரு வெளக்கு இருக்கான்னு நானாகிட்டக் கேளுங்க."

லெட்சுமணன் போய்க் கேட்டான். நானா கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அதற்குள் மேல் லயத்துக்கு ஒன்று, முன்பல் போனவனுக்கு ஒன்று என்று எல்லாம் இரவல் போயிருந்தன. மிச்சம் இருந்தது கல்லாவுக்கு மேலே தொங்கின ஒன்றுதான். அதையும் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கொண்டுபோங்கோ. எல்லாரும் குடிய விட்டா நான்தான் இருட்டுல தேத்தண்ணி ஊத்தோணும் போல ஈக்குது."